கரண்ட் மலிந்தது, வேலை போனது யாருக்கு?

(ஜீயபுரத்தில் மாணவர்களும் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜீயபுரத்துல நிலக்கரியைப் பத்திப் பேச என்ன இருக்குன்னு ஒரு தம்பி வாசல்ல கேட்டார். நியாயமான கேள்வி. இங்கே விளைவது வாழையும் நெல்லும். ஆனா விடியக்காலையில சத்திரம் பஸ் ஏறி, அங்கிருந்து திருவெறும்பூர், துவாக்குடி போற நம்ம பசங்களைக் கேளுங்க. வெல்டர், கேஸ் கட்டர், கிரைண்டர், ஹெல்பர். அவர்கள் கை பட்ட இரும்பு எங்கோ நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையத்துக்குத்தான் போகிறது. திருச்சி மண்ணில் நிலக்கரி கிடையாது. ஆனாலும் இது நிலக்கரியை நம்பிப் பிழைக்கிற ஊர்.

1965-ல் செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்ப உதவியோடு பெல் கொதிகலன் ஆலை இங்கு தொடங்கியது. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான பட்டறைகள் முளைத்தன. ஆலை பொதுத்துறை, உள்ளே இடஒதுக்கீடு உண்டு. நம்மவரில் ஒரு தலைமுறை குவார்ட்டர்ஸையும் பி.எஃப்.பையும் பார்த்தது அந்த வாசல் வழியாகத்தான். பட்டறை தனியார்; அங்கே இடஒதுக்கீடு இல்லை. டன் கணக்கில் கூலி, பேரேடு காண்டிராக்டர் கையில். பாய்லர் ஒண்ணுதான், வாசலுக்கு உள்ளே ஒரு நியாயம், வெளியே ஒரு நியாயம். ஊரும் சேரியும் மாதிரி.

2010-ல் சூரிய மின்சாரம் யூனிட் பத்து ரூபாய்க்கு மேல் விற்றது. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பாட்லா ஏலத்தில் 2 ரூபாய் 44 காசுக்கு வந்துவிட்டது. அப்புறம் எவன் புதுசா அனல்மின் நிலையம் கட்டுவான்? இருந்ததே முழுசா ஓடலை. 2009-10-ல் திறனில் நூற்றுக்கு 77 அளவுக்கு ஓடிய நிலையங்கள் 2019-20-ல் 56 அளவுக்கு இறங்கின. விலை ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். சீனக் கம்பெனிகளின் போட்டி இருந்தது. 2014 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் 214 நிலக்கரி வயல் ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. எல்லாம் சேர்ந்து ஆர்டர் சுருங்கியது. பட்டறைகள் வாராக்கடனில் விழுந்தன.

இந்த நஷ்டம் எப்படி இறங்கியது என்று பாருங்கள். ஆலையின் நிரந்தரத் தொழிலாளிக்குச் சம்பளம் வந்தது. பட்டறை முதலாளிக்குச் சங்கம் இருக்கு, மந்திரி வரைக்கும் போய்ப் பேசலாம். ஐ.பி.ஆர். வெல்டர் சான்று வைத்திருந்தவன் வளைகுடாவுக்குப் போகலாம். சான்றில்லாத கிரைண்டரும் ஹெல்பரும் எங்கே போவது? மறுபடி வாழைத்தார் சுமக்க, எந்த வரப்பை விட்டு அப்பன் காலத்தில் தப்பித்தோமோ அதே வரப்புக்கு. மற்றவனுக்கு வேலை போனால் வருமானம் போகிறது. நமக்கு வேலை போனால் ஆண்டை திரும்பி வருகிறான். பொருளாதார நிபுணர் எவரும் இதைக் கணக்கில் எழுதுவதில்லை.

ஜெர்மனியின் ரூர் பகுதியில் 1958-லேயே இது நடந்தது. மலிவான எண்ணெயும் இறக்குமதி நிலக்கரியும் வந்து சுரங்கங்கள் நொடித்தன. கடைசிச் சுரங்கத்தை மூடியது 2018 டிசம்பரில். அறுபது வருஷம்! முன்ஓய்வு, மறுபயிற்சி கொடுத்தார்கள். பல்கலைக்கழகமே இல்லாத அந்தப் பகுதியில் போகும் நகரத்தில் ஒன்றைத் திறந்தார்கள். அதுவும் 1965-ல்தான், நமக்கு பாய்லர் ஆலை வந்த அதே வருஷம். சும்மா கொடுக்கல, தொழிற்சங்கம் பிடுங்கியது. அங்கேயும் 1983-ல் துருக்கி போன்ற நாடுகளிலிருந்து வந்த தொழிலாளிகளுக்குப் பணம் கொடுத்து ஊர் திரும்பச் சொல்ல ஒரு சட்டம் போட்டார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

ரூருக்குப் போவானேன், பாபாசாகேப் இருக்கிறார். வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவரிடம் இருந்தபோது, 1943 டிசம்பரில் தன்பாத் பக்கம் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கிப் பார்த்தார். 1944-ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதி அவசரச் சட்டம் வந்தது. வெட்டிய கரிக்கு வரி, வரிப்பணம் தொழிலாளியின் வீட்டுக்கும் வைத்தியத்துக்கும். மின்சாரம் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று வாதாடியவரும் அவரேதான். மலிவு கரண்டும் தொழிலாளி பாதுகாப்பும் அவருக்கு எதிரெதிரல்ல.

நம் காலத்தில் என்ன செய்தார்கள்? 2010-ல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தி வரி. 2016-ல் அது 400 ரூபாய். வேலையிழப்பவனுக்கு அதில் பங்கு என்ற பேச்சே இல்லை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த 400 ரூபாய் மாநிலங்களுக்கான இழப்பீட்டுக் கணக்குக்குப் போய்விட்டது.

2023-க்குப் பிறகு அனல்மின் ஆர்டர்கள் மறுபடி வருகின்றன. பட்டறைகளில் ஓவர்டைம் ஓடுகிறது. சந்தோஷம்தான். ஆனா கையில் வேலை இருக்கும்போது கேட்டால்தான் கேட்பான். மத்தியப் பொதுத்துறை வாங்குவதில் 4 சதவீதம் எஸ்.சி., எஸ்.டி. சிறுதொழிலாரிடம் வாங்க வேண்டும் என்று 2012-ல் ஆணை போட்டார்கள். பத்து வருஷம் கழித்தும் நாடு முழுக்க அதை எட்டவில்லை. அதைக் கேளுங்கள். ஒவ்வொரு ஜாப் ஆர்டரிலும் வேலை செய்பவனின் பெயர், நாள், பி.எஃப். எண் பதிய வேண்டும் என்று கேளுங்கள். நாளைக்கு மூடும்போது, நீ இங்கே வேலையே செய்யலையேன்னு சொல்ல விடக்கூடாது.

மாணவத் தோழர்களுக்கு வேலை இருக்கு. இந்த ஞாயிறு, ஜீயபுரம் தொடங்கி ஆத்தோரத் தெரு ஒவ்வொன்றாகப் போங்க. யார் எந்தப் பட்டறையில், எத்தனை வருஷம், என்ன வேலை, என்ன சான்று. நோட்டு மேசை மேல இருக்கு, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க.