தண்டல் நோட்டும் வணிகக் கணிதமும்



பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியான மறுவாரம், கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் மேனிலைப் பள்ளிகளின் வாசலில் வந்து கூடுகிற பெற்றோர், மதிப்பெண் பட்டியலைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு கேட்கிற முதற்கேள்வி, "ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்குமா, சார்?" என்பதுதான். கணிதமும் அறிவியலும் அடங்கிய அந்தப் பிரிவு கிடைக்கப் பெற்றவர் பாக்கியசாலி. கிடைக்காதவரோ, கணிதமென்னும் சாஸ்திரத்துக்கே தம் குழந்தை அருகதையற்றது என்று எவரோ தீர்ப்பெழுதிவிட்டாற்போல முகம் வாடித் திரும்புவார். பொறியியல் பயில விரும்புகிற மாணாக்கருக்கு அந்தக் கணிதம் அவசியம் என்பதில் விவாதமில்லை. ஆனால் மற்றவர்களுக்கு, ஒன்று நுண்கணிதத்தின் மலையேற வேண்டும், இல்லையேல் எண்களோடு உறவையே முறித்துக்கொள்ள வேண்டும் என்ற இரண்டே கதிதானா?

மூன்றாவது வழியொன்று நம் மாநிலப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. வணிகக் கணிதமும் புள்ளியியலும் என்று அதற்குப் பெயர். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், பயன்முறைக் கணிதம் என்னும் தனிப்பாடத்தைப் பதினோராம் வகுப்பில் 2020-21 கல்வியாண்டில்தான் ஆரம்பித்தது. நம்மவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே வணிகக் கணிதத்தைப் போதிக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் பின்னோக்கிப் போனால், திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஓதிய பிள்ளைகளும், காரிநாயனாரின் கணக்கதிகாரத்தைப் பயின்றவர்களும் நிலத்தையும் நெல்லையும் பொன்னையும் அளந்துதான் கணக்குப் படித்தார்கள். அந்தப் பரம்பரையின் வாரிசு எது என்று என்னைக் கேட்டால், ஃபர்ஸ்ட் குரூப் புத்தகத்தைக் காட்ட மாட்டேன்.

பதினோராம் வகுப்பின் அந்தப் பாடநூலில் நிதியியல் கணிதம் என்று ஓர் அத்தியாயம் உண்டு. என் ஆசிரியப் பணிக்காலம் முழுவதும் நான் அளவுக்கு மீறிய வாஞ்சையோடு நடத்திய பகுதி அது. இன்றைக்கும் அதன்மீதுதான் பேச்சு போகும், நேயர்கள் பொறுத்தருள வேண்டும். பேருந்து நிலையத்துக்கு அருகே இட்டிலிக் கடை வைத்திருந்த ஓர் அம்மையாரின் மகள் என் வகுப்பில் படித்தாள். தவணைக் கணக்கை நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து, "எங்க அம்மா தண்டல் வாங்கியிருக்காங்க சார், அதுக்கு வட்டி பத்துதானே?" என்றாள். விவரம் கேட்டேன். பத்தாயிரம் என்று பேச்சு. ஆயிரத்தை முன்னதாகவே பிடித்துக்கொண்டு கையில் கொடுத்தது 9,000 ரூபாய். நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். தண்டல்காரரின் சிறிய நோட்டில் நாள்தோறும் ஒரு கையெழுத்து விழும்.

அன்று பாடநூலை மூடிவைத்தோம். முதல் நாள் கடன் ஒன்பதாயிரம், கடைசி நாள் ஏறக்குறைய பூஜ்யம். ஆகவே நூறு நாளும் அந்த அம்மாளிடம் சராசரியாக நின்ற பணம் நாலாயிரத்து ஐந்நூறுதான். அதற்கு ஆயிரம் ரூபாய் வட்டியென்றால் நூற்றுக்கு இருபத்திரண்டு, அதுவும் வெறும் நூறு நாளைக்கு. வருஷத்துக்கு மாற்றினால் எண்பதைத் தொடுகிறது. தவணைச் சூத்திரத்தைப் போட்டுச் சூட்சுமமாகப் பார்த்தாலும் 77 சதவீதத்துக்குக் கீழே அது இறங்கவில்லை. வகுப்பு நிசப்தமாயிற்று. சற்றுப் பொறுத்துப் பின்வரிசையிலிருந்து ஒருவன், "பாங்குல வாங்கினா எவ்வளவு சார்?" என்றான். சூத்திரத்தைக் கண்டு பயந்து நடுங்கிய பிள்ளைகள் அன்று மணியடித்த பின்னும் பெஞ்சை விட்டு எழவில்லை. நகை அடகு, சுய உதவிக் குழுக் கடன், டிராக்டர் தவணை என்று ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுச் சமாசாரத்தைக் கொண்டுவந்து கொட்டியதில், அந்த மாதம் நான் முடித்திருக்க வேண்டிய பாடம் முடியவில்லை. அதற்காக மேலதிகாரியிடம் கேட்ட வார்த்தைகளை இங்கே சொல்வதற்கில்லை.

வட்டிக் கணக்கு இருக்கட்டும், கரும்புக்கு வருவோம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவு ஆலைகள் உள்ள சீமை இது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு நிர்ணயித்த விலை, 10.25 சதவீதச் சர்க்கரைப் பிழிதிறனுக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். பிழிதிறன் ஒவ்வொரு 0.1 சதவீதம் மாறும்போதும் 3 ரூபாய் 46 காசு கூடும் அல்லது குறையும், 9.5-க்குக் கீழே போனால் மேற்கொண்டு பிடித்தமில்லை. அப்படியானால் குறைந்தபட்ச விலை என்ன? 10.25-க்கும் 9.5-க்கும் இடையே ஏழரைப் படி, படிக்கு 3.46 வீதம் 25 ரூபாய் 95 காசு. கழித்தால் 329 ரூபாய் 5 காசு. நேர்கோட்டின் சமன்பாடு என்று பாடநூல் வறட்டுத்தனமாகச் சொல்வதும் இதுவேதான். கல்வராயன் மலையின் மரவள்ளியும் இப்படியே மாவுச்சத்துப் பாயிண்டைக் கொண்டு விலைபோகிறது; பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று ஜவ்வரிசி ஆலையில் சொல்லும்போது, அந்தப் பாயிண்ட் எப்படி அளக்கப்படுகிறது என்று கேட்கத் தெரிந்த பையன் வீட்டில் இருப்பது தகப்பனாருக்கு எவ்வளவு பெரிய அனுகூலம்!

இதே பாடத்தில் பன்னிரண்டாம் வகுப்பிலே போக்குவரத்துக் கணக்கு என்று ஒன்று வருகிறது. சரக்கு இருக்கிற இடங்கள் சில, போய்ச்சேர வேண்டிய இடங்கள் சில, ஒவ்வொரு வழிக்கும் ஒரு கூலி. மொத்தச் செலவு குறைய எதை எங்கே அனுப்புவது? பாடநூல் தொழிற்சாலைகளையும் கிடங்குகளையும் ஆங்கில எழுத்துகளால் குறிக்கும். நான் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையை எழுதினேன்; கிழக்கே கச்சிராயப்பாளையத்துக்கு இறங்கும் பாதையையும், மேற்கே கருமந்துறை வழியாக ஆத்தூர்ப் பக்கம் போகும் பாதையையும் எழுதினேன். விடை அழகாக வந்தது. விடுதியில் தங்கிப் படித்த மலையாளிப் பழங்குடி மாணவன் ஒருவன் மட்டும் திருப்தியடையாமல், "மழை பெஞ்சு மண் சரிஞ்சா அந்த ரோட்டுல லாரி இறங்காது சார், அன்னிக்கு இந்த விடை என்ன ஆகும்?" என்று கேட்டான். அதே அத்தியாயத்தின் கடைசியில், நிச்சயமற்ற நிலையில் முடிவெடுப்பது பற்றிய பகுதி இருக்கிறது. பரீட்சைக்கு அவசியமில்லை என்று பலர் அவசரமாகத் தாண்டிவிடும் பக்கங்கள் அவை. எந்த வழியில் போனால் மிக மோசமான நாளிலும் நஷ்டம் குறைவாக இருக்கும் என்று அட்டவணை போட்டுப் பார்த்தபோது, மழைக்காலத்துக்கு வேறொரு வழி தேறியது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். பதினோராம் வகுப்பின் வணிகக் கணிதப் பாடநூல் தன் பெயருக்கு முற்றும் நியாயம் செய்யவில்லை. திரிகோணமிதியும் பரவளையமும் இதிலும் நுழைந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. பங்குப் பத்திரத்தின் முகமதிப்பும் தரகும் பக்கம் பக்கமாக வருகின்றன, கரும்பு ரசீது ஒன்றுகூட வரவில்லை. பள்ளிக்குப் பள்ளி நிலைமையும் வேறு. வணிகவியல் பிரிவு இருந்தும் வணிகக் கணிதம் இல்லாத பள்ளியை நான் கண்டிருக்கிறேன். பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல் தேர்விலேயே வணிகக் கணிதமும் புள்ளியியலும் கேட்கப்படுகின்றன என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

புள்ளியியலைப் பற்றியும் விலைவாசிக் குறியீட்டெண்ணைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன்; கடிகாரம் இடங்கொடுக்கவில்லை. சேர்க்கைக்குப் போகும் பெற்றோர், ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்காவிட்டால் அடுத்தபடியாக வணிகக் கணிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆசிரியர் வேண்டுமென்று நாலு பேர் சேர்ந்து மனுக் கொடுங்கள். ஆசிரிய நண்பர்கள், தவணைக் கணக்கு நடத்துகிற அன்று வீட்டிலுள்ள ரசீதுகளையும் தண்டல் நோட்டையும் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொன்னால், பாடம் தாமதமாகுமே தவிர வகுப்பில் எவரும் தூங்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.