அலையும் நீரோட்டமும்

(பாகாயத்தில் ஆற்றிய உரை)



2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து ஓடியதை நாம் மறக்கவில்லை. அந்நீர் வயலூர் அருகே கடலை அடைகிறது. வெள்ளக் காலத்தில் முகத்துவாரத்தில் ஆற்றோட்டம் கடலலையை எதிர்க்கிறது. எதிர்ப்பட்ட அலை குறுகி, உயர்ந்து, செங்குத்தாகி உடைகிறது. ஓட்டம் அலையோடு உடன்சென்றாலோ அலை நீண்டு தணிகிறது. கடற்சுழல்கள் அலையை வளைத்து, ஓரிடத்தில் குவிக்கவும் செய்யும். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரம் அகுல்லாஸ் நீரோட்டத்தை எதிர்க்கும் பேரலைகள் பெருங்கப்பல்களையும் சேதப்படுத்தியுள்ளன.

ஆகவே, நீரின் மேற்பரப்பு அடியிலுள்ள ஓட்டத்தைக் காட்டும் கண்ணாடி. ஆற்றுநீர் மேடும் பள்ளமுமாய்க் குமுறும் இடத்தில் ஓட்டம் கடுமையானது என்று அறிவோம். வெள்ளம் மூடிய தரைப்பாலத்தில் எவரும் இறங்காவண்ணம் தடுப்பது பஞ்சாயத்தின் முதற்கடமை.