நிலத்தடி நீருக்கு எல்லைக்கோடு உண்டா?



பெங்களூரிலிருந்து ஓசூருக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு அத்திப்பள்ளி தெரியும். அதைத் தாண்டினால் ஜூஜூவாடி. அது தமிழ்நாடு. சாலையில் எல்லைப் பலகை இருக்கிறது. பூமிக்கு அடியில் பலகை ஏது? அங்கே இருப்பது கெட்டியான பாறை. அதன் வெடிப்புகளில்தான் தண்ணீர் நிற்கிறது. இந்தப் பக்கம் போர் போட்டு உறிஞ்சினால், அதே வெடிப்பை நம்பி அந்தப் பக்கம் இருக்கும் கிணறு வற்றலாம்.

ஆறு கண்ணுக்குத் தெரியும். காவிரி தமிழ்நாட்டுக்குள் வரும் இடத்தில், பிலிகுண்டுலுவில், நீரை அளக்கிறார்கள். நிலத்தடி நீரை யார் அளக்கிறார்கள்? மத்திய நிலத்தடி நீர் வாரியம் சில கிணறுகளில் நீர்மட்டம் பார்க்கிறது. ஆனால் பெரும்பாலான போர்களில் மீட்டர் கிடையாது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நிலம் வைத்திருப்பவர் தன் நிலத்தடி நீரை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. அன்று ஏற்றமும் கவலையும்தான் இருந்தன. இன்று ஆயிரம் அடி ஆழத்தில் மோட்டார் இறங்குகிறது.

காவிரி வழக்கிலும் இந்த நீர் நுழைந்துவிட்டது. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

2007இல் நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி., கர்நாடகத்துக்கு 270 டி.எம்.சி. என்று பிரித்தது. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. பெங்களூரின் மூன்றில் ஒரு பகுதிதான் காவிரிப் படுகையில் இருக்கிறது, குடிநீரில் பாதியை நிலத்தடியில் எடுத்துக்கொள்ளலாம் என்று அது கணக்குப் போட்டது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. பெங்களூருக்கு 4.75 டி.எம்.சி. கூடுதலாகக் கொடுத்தது. தமிழ்நாட்டு டெல்டாவின் அடியில் நீர் இருக்கிறதே என்று, அதில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் சேர்த்து, அந்த அளவையும் கர்நாடகத்துக்கு மாற்றியது. தமிழ்நாட்டின் பங்கு 404.25 ஆனது.

தமிழ்நாட்டுத் தரப்பு என்ன சொன்னது? டெல்டாவில் ஊறும் நீரே ஆற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் இறங்கியதுதான். அதைத் தனியாக எண்ணினால் ஒரே நீரை இரண்டு முறை எண்ணியது ஆகும் என்றது. இது தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. அதேபோல, குடிக்க நீர் இல்லாத ஊருக்கு, அடியில் இருப்பதாக நினைத்த நீரைக் காட்டுவதும் நியாயம் அல்ல. 2024 கோடையில் அது வெளிப்பட்டது. பெங்களூரில் ஏறக்குறைய 14,000 அரசுப் போர்களில் 6,900 வற்றிவிட்டதாகக் கர்நாடக அரசு சொன்னது. டேங்கர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்தவர்களில் தமிழ் பேசுபவரும் இருந்தார்கள், கன்னடம் பேசுபவரும் இருந்தார்கள்.

இரண்டு நாடுகளே இதில் ஒத்துப்போயிருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவுக்கும் பக்கத்திலுள்ள பிரான்சு மாவட்டத்துக்கும் அடியில் ஒரே நீர்ப்படுகை. இரு பக்கமும் இறைத்து நீர்மட்டம் இறங்கியது. 1978இல் ஓர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இருதரப்பும் சேர்ந்த குழு அமைந்தது. ஒவ்வொரு கிணற்றுக்கும் அளவுக் கருவி வைத்தார்கள். ஆர்வ் ஆற்று நீரைச் சுத்தம் செய்து பூமிக்குள் இறக்கினார்கள். அதன் செலவில் பிரான்சுப் பக்கமும் பங்கு கொடுத்தது. 2007இல் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டார்கள்.

அத்திப்பள்ளிப் பக்கத்துக் கிணறுகளுக்கும் ஜூஜூவாடிப் பக்கத்துக் கிணறுகளுக்கும் அப்படி ஒரே கணக்குப் புத்தகம் போடுவதற்கு ஜெனீவா அளவு பணம் வேண்டாம். ஒரு கயிறு, ஒரு கல், இரண்டு ஊர் உள்ளாட்சியும் கையெழுத்துப் போட்ட ஒரு நோட்டு. மாதம் ஒருமுறை இரண்டு பக்கத்துத் திறந்த கிணறுகளிலும் கயிற்றை இறக்கி ஆழத்தை எழுதினால், தொடங்கிவிடலாம்.