மங்கலான விடியலில்



வானொலியில் ஓவியத்தைப் பற்றிப் பேசுவது சற்று விநோதம்தான். இருந்தாலும், இந்தக் காலைவேளையில் ஓர் ஓவியத்தை மனக்கண்ணால் பார்ப்போம்.

1872ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டின் லெ ஹாவ்ர் துறைமுகம். பிரஷ்யாவுடன் நடந்த போரில் பிரான்சு தோற்றதற்கு மறுவருடம் அது. அவ்வூரில் வளர்ந்த கிளோட் மோனே என்ற ஓவியர், தம் அறைச் சன்னல் வழியே கண்ட கடல் விடியலைத் தீட்டினார். எங்கும் மூடுபனி. அதற்குள் மங்கலாகப் பாய்மரங்கள், புகைபோக்கிகள், கிரேன்கள். முன்னால் கருநிழலாய் ஒரு சிறு படகு. அதில் நின்றபடி துடுப்புப் போடும் ஒருவர். எல்லாம் சாம்பல் கலந்த நீலம். அதனிடையே ஆரஞ்சு நிறத்தில் சின்னஞ்சிறு சூரியன். தண்ணீரில் அதன் ஒளி சில தூரிகைத் தீற்றல்களாய் உடைந்து கிடக்கிறது. அவ்வளவுதான் படம்.

1874இல் பாரீசில் இது காட்சிக்கு வைக்கப்பட்டபோது, சுவரில் ஒட்டும் காகிதம்கூட இதைவிட முழுமையாக இருக்குமே என்று விமர்சகர் லூயி லெருவா கேலி செய்தார். முழுமை என்று அவர் எதை நினைத்தாரோ!

இந்த ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தால் சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும். ஏனெனில், சுற்றியுள்ள பனியைவிட வெளிச்சமாக மோனே அதைத் தீட்டவில்லை. வெள்ளையைக் கூட்டிப் பளிச்சென்று காட்டியிருக்கலாம், செய்யவில்லை. நீலத்தின் எதிர்நிறமான ஆரஞ்சை அங்கே வைத்தார். அந்த நிறமே நம் கண்ணைப் பிடித்து இழுக்கிறது.

யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்திலும் ஒரு கடல் விடியல் வருகிறது. இரவெல்லாம் வலைவீசியும் ஒன்றும் அகப்படவில்லை. கரையில் ஒருவர் நிற்கிறார். அவர் இயேசு என்று சீடர்களுக்குத் தெரியவில்லை. உருமாற்ற மலையில் கண்ட பேரொளி இங்கே இல்லை. கரிநெருப்பும் மீனும் அப்பமும்தான் காத்திருக்கின்றன.

நம் பங்கிலும் கடலுக்கு உறவைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கடனில் உறக்கமிழந்த வீடுகள் இருக்கின்றன. ஆண்டவர் வந்திருந்தால் இந்தப் பனி விலகியிருக்க வேண்டாமா என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். அந்தப் படகில் இருந்த பேதுருவுக்கும் எதுவும் தெளிந்திருக்கவில்லை. தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பருகே நின்று தம் ஆண்டவரை மறுதலித்தவர் அவர். ஆண்டவர்தான் என்று அன்புச் சீடர் சொன்னதும், ஆடையைக் கட்டிக்கொண்டு கடலில் குதித்துவிட்டார். இடையே இருநூறு முழத் தண்ணீர் இருந்தது.