பிள்ளை தவறினால் பழி யாருக்கு?

(நமது சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில், ஓசூரில் நிகழ்த்திய பிரசங்கம்)



சென்ற வருஷம் இதே சபையில், பரீட்சையில் மேலான மார்க்கு வாங்கிய நம் பிள்ளைகளுக்கு வெகுமதி அளித்துச் சந்தோஷப்பட்டோம். அன்று நம் அங்கத்தினர் ஒருவர் தனியே வந்திருந்தார். "மகன் வரவில்லையா?" என்று நாம் வினவினோம். "தேறாதவனை எந்த முகத்தோடு அழைத்து வருவது?" என்று தலைகவிழ்ந்து விடையளித்தார். அவ்விடை இவ்வொரு வருஷமும் நம் மனத்தை உறுத்தி வந்திருக்கின்றது. ஆகவே இன்று அதைப் பற்றியே சில வார்த்தைகள் பேச விரும்புகின்றோம்.

பிள்ளை தேறாவிடில் வீட்டில் நடக்கும் விசாரணையை நீங்கள் அறிவீர்கள். தந்தை, தாய் கொடுத்த செல்லத்தைக் குறை கூறுவார். தாய், தந்தையின் ஷிப்டு வேலையைக் குறை கூறுவாள். இருவரும் சேர்ந்து உபாத்தியாயரைக் குறை கூறுவர். முடிவில் எல்லாப் பழியும் பிள்ளையின் தலையிலேயே வந்து விழும். அப்படிப்பை அவனுக்கென்று நியமித்தவர் யார் என்பதை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

நம் குடும்பங்களிற் பல, 1970-களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்ட பின், பயிர்த்தொழிலை விட்டு ஓசூருக்கு வந்தவை. இயந்திரத்தின் முன் நின்று உழைத்தவர், தம் மகன் இஞ்சினீயராக வேண்டுமென்று விரும்புவது இயல்பே. கடன் வாங்கிச் சம்பளம் கட்டிய தந்தையின் மனவேதனையும் நாம் அறியாததன்று. ஆயினும் ஆசை வேறு, கட்டளை வேறு.

இவ்விஷயத்தில் நம் தாலூகாவிலேயே ஒரு பாடம் உண்டு. ராஜாஜி ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர். அவர் தந்தையார் கிராம முன்சீப். அவர் மகனைத் தம் வேலையோடு நிறுத்திக்கொள்ளாமல் பெங்களூரிலும் சென்னையிலும் காலேஜில் படிக்க வைத்தார். அம்மகன் 1948-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலானார். பின்னர் அவரே சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாக இருந்தபோது, 1953-இல், கிராமத்து ஆரம்பப் பாடசாலைகளின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டுமென ஒரு திட்டம் கொணர்ந்தார். ஜனங்கள் அதனைக் குலக்கல்வித் திட்டமென்று கூறி எதிர்த்தனர். 1954-இல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். தந்தையின் தொழில் பிள்ளையைக் கட்டாது என்பதே அன்று இந்நாடு அளித்த தீர்ப்பு.

தந்தையின் தொழில் பிள்ளைக்கு விலங்காகக் கூடாதெனில், தந்தையின் நிறைவேறாத ஆசை மட்டும் விலங்காகலாமோ?

பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லையென்று நாம் சொல்லவில்லை. சோம்பலால் தவறியவனைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால், அவனைக் கேளாமல் நாம் தெரிந்தெடுத்த படிப்பில் அவன் தவறினால், அதற்கு உத்தரவாதிகள் நாமே. அவனைச் சபைக்கு வர அஞ்சும்படி செய்த குற்றமும் நம்முடையதே. பொதுப் பரீட்சையில் முதலிடம் பெற்றோரின் பட்டியலை வெளியிடுவதை 2017-இல் நமது அரசாங்கத்தாரே நிறுத்திவிட்டனர். நாமோ இன்னும் மேடையில் வரிசைப்படுத்திக்கொண்டிருக்கின்றோம்.

தவறியவனுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. அதே வருஷத்தில் துணைத்தேர்வு எழுதலாம். பத்தாவது தேறி, இரண்டு வருஷ ஐ.டி.ஐ. படிப்பை முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம்; டிப்ளமா பெற்றபின் இஞ்சினீயரிங் காலேஜிலும் அவ்வாறே சேரலாம். பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். "சாப்பிட வா, பிறகு பேசுவோம்" என்ற ஒரு சொல் அன்று பெரிய மருந்து. மனமுடைந்தவர்க்கு 104, 14416 ஆகிய தொலைபேசி எண்களில் ஆலோசனை கிடைக்கும்.

முடிவாக ஒரு விண்ணப்பம். அடுத்த வருஷம் இம்மேடைக்குப் பரீட்சை எழுதிய நம் பிள்ளைகள் எல்லோரையும் அழைப்போமாக; தேறியவர் தேறாதவர் என்ற பேதம் வேண்டாம். சென்ற வருஷம் தனியே வந்த அன்பரும் மகனோடு வரவேண்டும். அவனுக்கு முன்வரிசையில் ஓர் இடம் வைத்திருப்போம்.