கேளுங்க, கோபிக்க மாட்டோம்



நான் குழு உறுப்பினர், அங்கன்வாடிப் பணியாளரும்கூட. பிள்ளையை விட்டுட்டு நூறு நாள் வேலைக்கு ஓடுற அம்மாக்கள் சில விஷயங்களைக் கேட்கத் தயங்குறாங்க. “டீச்சர் என்ன நினைப்பாங்களோ” என்ற பயம். அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

பிள்ளைக்குக் கால் கழுவி விடுவது யார்? நானா, உதவியாளரா? துணி மாற்றுவது எங்கே? சேர்க்கும் அன்றைக்கே கேளுங்க. வேறு யாரும் கழுவி விடக் கூடாது, எல்லார் முன்னாலும் துணியைக் கழற்றக் கூடாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மை, பவுடர் வேண்டாமா? எந்த சோப்பு சேராது? சொல்லுங்க. பேன் இருக்குன்னு உங்களைக் கேட்காமல் முடியில் யாரும் கத்தரி வைக்கக் கூடாது.

எங்க பக்கமும் ஒன்று உண்டு. உதவியாளர்தான் சமைக்கணும், அவரேதான் கழுவியும் விடணும். அதனால மாற்றுத் துணி ஒரு செட் பையில் வையுங்க. நகம் வெட்டி அனுப்புங்க. சொறி, காய்ச்சல் இருந்தால் மறைக்காதீங்க. “ஒண்ணுக்கு வருது” என்று வாய்விட்டுக் கேட்கப் பிள்ளையைப் பழக்குங்க.

சாயங்காலம், “இன்னைக்கு யாரு கழுவி விட்டாங்க?” என்று சாதாரணமாக் கேளுங்க. பிள்ளை பயந்து அழுதால் அதட்டாதீங்க, காது கொடுங்க. சந்தேகம் வந்தால் 1098-க்கு எந்நேரமும் பேசலாம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆண் பிள்ளைக்கும் உண்டு.

குழுவில் கடன் கணக்கைப் பைசா விடாமல் கேட்கிறோம். பிள்ளை விஷயத்திலும் அப்படியே கேட்போம்.