நம் பிள்ளைகளில் யார் ஹான்ஸ் போட ஆரம்பிப்பார்கள்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன், தொழில் பத்தி முன்னாடி பேசினவங்க நிறையச் சொல்லிட்டாங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு புகையிலை. பீடி, சிகரெட் இல்லை. புகை வராத புகையிலை: ஹான்ஸ், கூல் லிப், குட்கா, வெத்தலையோட போடுற புகையிலை. பீடி குடிச்சா வாசம் காட்டிக் கொடுத்துடும். உதட்டுக்கு அடியில ஒதுக்கி வெச்சதைப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற டீச்சர்கூடக் கண்டுபிடிக்க முடியாது. அப்படின்னா இதை எந்தப் பிள்ளை தொடும்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க முடியுமா? ஓரளவுக்கு முடியும்.

முதலில் வயசைப் பார்ப்போம். 2019-ல் நாடு முழுக்க 13 முதல் 15 வயது மாணவர்களிடம் அரசு கணக்கெடுத்தது. புகையில்லாப் புகையிலை பழகியவர்களில் 52 சதவீதம் பேர் 10 வயது முடிவதற்குள் ஆரம்பித்தவர்கள். பத்து வயசுன்னா அஞ்சாம் வகுப்பு! சென்னையிலும் டெல்லியிலும் 2004-ல் 32 பள்ளிகளில் 11,642 மாணவர்களிடம் கேட்டார்கள். எட்டாம் வகுப்பில் 9.3 சதவீதம் பேர் ஏதோ ஒரு புகையிலையைத் தொட்டுப் பார்த்திருந்தார்கள். ஆறாம் வகுப்பில் அது 24.8 சதவீதம். "காலேஜ் போனாத்தான் கெட்டுப்போவான்" என்று நாம் காத்திருக்கிறோம். விஷயம் அதற்கு வெகு முன்னாடியே நடந்துவிடுகிறது.

யார் ஆரம்பிப்பார்கள் என்பதற்கு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் அடையாளங்களை நம்ம ஊருக்குப் பொருத்திச் சொல்றேன்.

ஒன்று, வீடு. பனியிலும் மழையிலும் கொழுந்து பறிக்கப் போறவங்க சுருக்குப்பையில வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை இருக்கும். போட்டா குளிர் தெரியாது, பசி தெரியாதும்பாங்க. அட்டை ஏறாம இருக்கக் காலில் தடவுறதும் புகையிலைதான். இதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அது விஷமாகத் தெரியாது, மருந்தாகத்தான் தெரியும். "கடைக்குப் போய் ஒரு புகையிலை வாங்கிட்டு வா கண்ணு" என்று அனுப்புகிறோமே, அதுதான் முதல் பாடம்.

இரண்டு, சிநேகிதம். கூடச் சுத்துற பசங்க போட்டா இவனுக்கும் ஒரு நாள் பங்கு வரும்.

மூன்று, கையில் காசும் கேட்பாரில்லாத நேரமும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை லைன் வீட்டுக்கு வந்துடும். அம்மா கொழுந்து எடை போட்டுட்டு வர நேரமாகும். நடுவில் இருக்கிற அந்த நேரம்தான் ஆபத்து. பள்ளியை விட்டு நின்ன பிள்ளைக்கு நாள் முழுக்க அந்த நேரம்தான்.

நான்கு, கடை. மிட்டாய்க்குப் பக்கத்திலேயே சரம் தொங்கினால் அதுவும் மிட்டாய் மாதிரிதான்.

ஐந்தாவது, பிள்ளையின் பதில். அமெரிக்காவில் ஜான் பியர்ஸ் என்பவரும் உடன் இருந்தவர்களும் 1996-ல் வெளியிட்ட ஆய்வு இது. புகையே பிடிக்காத பிள்ளைகளிடம், "நெருங்கின நண்பன் ஒரு சிகரெட் கொடுத்தால் பிடிப்பாயா?" என்று கேட்டார்கள். "கண்டிப்பா மாட்டேன்" என்றவர்களை மட்டும் உறுதியானவர்களாகக் கணக்கில் வைத்தார்கள். "மாட்டேன்னு நினைக்கிறேன்" என்று இழுத்தவர்களில்தான் பிற்பாடு அதிகம் பேர் பழகினார்கள். நாமும் இன்னைக்கு ராத்திரி சோறு போடும்போது கேட்கலாம்: "உன் சிநேகிதன் ஹான்ஸ் குடுத்தா என்ன பண்ணுவே?" பதில் இழுத்தா அடிக்காதீங்க, திட்டாதீங்க. பேச வேண்டிய பிள்ளை எதுன்னு தெரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தைக் கவனிங்க. இந்த அடையாளம் எதிலும் "கெட்ட பிள்ளை" என்று ஒன்று இல்லை. வீடு, கடை, நேரம் எல்லாம் நாம் மாற்றக்கூடியவை. அந்தச் சென்னை, டெல்லி பள்ளிகளில் பாதியில் இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்தார்கள். மாணவர்களையே தலைவர்களாக்கி, வேண்டாம்னு சொல்லப் பழக்கினார்கள். பயிற்சி இல்லாத பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் 68 சதவீதம் கூடியது. பயிற்சி நடந்த பள்ளிகளில் 17 சதவீதம் குறைந்தது. ஆனால் பீடி, சிகரெட்டில்தான் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. மெல்லும் புகையிலையில், இனிமேல் போடலாம் என்கிற எண்ணம்தான் குறைந்தது. மெல்லும் புகையிலை வீட்டுக்குள்ளேயே இருக்கிற பொருள். பள்ளிக்கூடம் மட்டும் தனியாக அதைத் துரத்த முடியாது என்பது என் கருத்து.

இனி கசப்பான பேச்சு. நம்ம குழுக் கடனில் பெட்டிக்கடை வெச்ச உறுப்பினர்கள் இருக்காங்க. "இதை வைக்கலைன்னா டீ குடிக்க வர்றவங்களும் வரமாட்டாங்க"ன்னு அவங்க சொன்னா அது பொய் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் 2013 மே மாதத்திலிருந்து குட்கா, பான் மசாலா, புகையிலை கலந்த உணவுப் பொருட்களுக்குத் தடை உத்தரவு போட்டு, வருஷா வருஷம் புதுப்பித்து வருகிறார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு எந்தப் புகையிலையும் விற்கக் கூடாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள்ளும் விற்கக் கூடாது. இது 2003-ம் ஆண்டுச் சட்டம். பிள்ளைக்குப் புகையிலை கொடுத்தால் 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் 7 வருஷம் வரை சிறை, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். கடன் வாங்கிய தாயும் மாட்டுவாள், தவணையும் நிற்கும், ஜாமீன் சொன்ன குழுவும் தவிக்கும்.

அதனால் மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

1. பெட்டிக்கடைக்குக் கடன் கொடுக்கும்போது, தடை செய்த சரக்கு வைப்பதில்லை என்று எழுதி வாங்க வேண்டும். இப்போது விற்கிறவர் நிறுத்த முன்வந்தால், சரக்கை மாற்றிக்கொள்ள மூன்று மாதம் தவணைச் சலுகை தர வேண்டும்.

2. எந்த உறுப்பினரும் புகையிலை வாங்கப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பக் கூடாது.

3. மாதக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும் பத்து நிமிஷம் பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டும். பெயர் சொல்லி யாரையும் அவமானப்படுத்தக் கூடாது.

ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளைக்கும், விட நினைக்கிற அம்மாவுக்கும் 1800 11 2356 என்ற இலவச எண் இருக்கு. வாய் முழுசாத் திறக்க முடியலைன்னாலோ, ஆறாத புண் இருந்தாலோ, தள்ளிப் போடாம அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்க.

கடன் திரும்பி வருமான்னு ஆளைப் பார்த்தே கணிக்கிறவங்க நாம. அந்தக் கண்ணை இனி பிள்ளைகள் பக்கமும் திருப்புவோம். தீர்மானங்களுக்குக் கை தூக்குவீங்கன்னு நம்புறேன்.